பாலர் ஆசிரியரும் அவர்தம் ஊதியமும்: ஒரு வரலாற்று நோக்கு

நல்லாசிரியனின் இயல்பு இதுவெனப் பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்தில் வகுத்துரைத்தார். நிலம், மலை, நிறைகோல், மலர் என்னும் நான்கினையும் உவமையாக்கி அவன் பெருமையை அவர் நிறுவினார். ஆயின் அவர் கருதிய ஆசிரியன் நூல் கற்பிக்க வல்லான். அவர் கருதிய மாணாக்கன் எழுத்தறிந்தபின் நூல் கேட்க வந்தவன். விசயதசமியன்று ஏடு தொடக்கப்பெற்று, அரிசியில் அகரம் எழுதவும் விரல் வளையாத பிள்ளையை மடியிலிருத்தி, அதற்குப் பேசவும் பாடவும் பிறரோடு கூடியிருக்கவும் பழக்குபவர் யாவர், அவர்க்குரிய இலக்கணம் யாது என்பனவற்றை அப்பாயிரம் ஆராயவில்லை. அப்பணி தாய்க்கும் பாட்டிக்கும் இயல்பாகவே உரியதெனக் கொள்ளப்பட்டமையே அதற்குக் காரணமாகலாம்.

இது தமிழர்க்கு மட்டும் உரிய நோக்கன்று. மேலைநாடுகளிலும் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை பள்ளி என்பது ஐந்து, ஆறு வயதுக்கு மேற்பட்டோர்க்கே உரிய இடமாகக் கருதப்பட்டது. தாயர் ஆலைக்கும் வயலுக்கும் கூலிக்குச் செல்ல நேர்ந்தபோதுதான் பச்சிளம் பாலரைப் பேணும் பணி வீட்டினின்றும் வெளியே பெயரலாயிற்று. வீட்டில் கூலியின்றி நிகழ்ந்த அப்பணி பள்ளிக்குப் பெயர்ந்தபோது, கூலியின்மையும் உடன் பெயர்ந்ததோ என்பதே ஈண்டு ஆராயப்படும் வினா. குழந்தைக் கல்வியின் வரலாறு பெரும்பாலும் பெருந்தத்துவ ஞானிகளின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. அவர்தம் கொள்கைகளை நாள்தோறும் செயற்படுத்திய பெண்கள் எத்தகைய நிலையில் உழைத்தனர், என்ன பெற்றனர் என்பது அவ்வரலாற்றில் ஓரத்திலேயே நிற்கின்றது.

மலைச் சிற்றூர்களின் வழிகாட்டிகள்

பிரான்சு நாட்டின் கிழக்கெல்லையில் வோசு மலைத்தொடர் உள்ளது. அங்கே, வறுமை மிக்க சில சிற்றூர்களைக் கொண்ட வால்டர்ஸ்பாக் பங்கிற்கு 1767 ஆம் ஆண்டிலே ஓபர்லின் என்னும் லூத்தரன் குரு வந்து சேர்ந்தார். பாதை அமைத்தல், பயிர்த்தொழிலைத் திருத்துதல் ஆகிய பணிகளால் அவர் பெரும் புகழ் எய்தினார். ஆயினும் சிறுவர் கல்வியில் முதலடி வைத்தவர் அவரல்லர். பெல்மொன் என்னும் சிற்றூரைச் சேர்ந்த சாரா பான்சே என்னும் இளம்பெண் அயலிலுள்ள பிள்ளைகளைத் தன் வீட்டிற் கூட்டி அவர்களுக்குப் பின்னல் வேலை பழக்கி வந்தாள். அவளது செயலின் அருமையை ஓபர்லின் கண்டுகொண்டார். ஆனால் மகள் வருவாயின்றிக் காலங்கழிப்பதை அவள் தந்தை விரும்பவில்லை. எனவே 1769 இல் ஓபர்லின் அவளை ஊதியத்திற்கு அமர்த்தி ஒப்பந்தம் செய்துகொண்டார்.

இச்சிறு நிகழ்ச்சி ஆழ்ந்து நோக்கற்பாலது. பாலர் கல்வியின் தொடக்கத்திலேயே ஊதியம் பற்றிய வழக்கு எழுந்துவிட்டது. அதனை எழுப்பியவர் கல்வியாளரல்லர். வீட்டுச் செலவு அறிந்த ஒரு குடியானவர். அவர் கேள்வி எழுப்பியிராவிடின், அந்த ஒப்பந்தமும் எழுதப்பட்டிராது எனலாம்.

சாரா பான்சே 1774 இல், முப்பது வயது நிரம்புமுன்னரே இறந்தாள். அவளைப் பின்பற்றிய ‘வழிகாட்டிப் பெண்’களுள் லூயிசு செப்ளர் என்பவள் பெயர்பெற்றாள். பதினைந்து வயதளவில் ஓபர்லின் இல்லத்துக்குப் பணிப்பெண்ணாக வந்த அவள், மலைப்பாதைகளிற் பனியிடையே ஊரூராய் நடந்து சிறுவரைப் பயிற்றினாள். ஓபர்லினின் மனைவி இறந்தபின் அவர் இல்லத்தையும் பிள்ளைகளையும் அவளே பேணினாள். 1793 இல், இனித் தனக்குச் சம்பளம் வேண்டாவென்றும், தன்னை அக்குடும்பத்து மகளாகவே ஏற்கவேண்டுமென்றும் அவள் ஓபர்லினுக்கு எழுதினாள். 1829 இல் பிரெஞ்சுக் கல்விக்கழகம் நற்பண்புக்கான மொந்தியோன் பரிசாக 5,000 பிராங்கு வழங்கி அவளைச் சிறப்பித்தது.

சாராவுக்குக் கிடைத்தது ஒப்பந்தம். லூயிசுக்குக் கிடைத்தது பரிசு. ஒப்பந்தம் என்பது உரிமை. பரிசு என்பது கொடுப்போர் விருப்பு. லூயிசின் துறவு அவளளவில் உயர்ந்ததே. ஆயினும் ஒருத்தியின் துறவு பலர்க்கும் விதியாக்கப்படுமாயின் அது துறவாகாது. பிற்காலத்தில் உலகம் பெரிதும் போற்றி நினைவு கூர்ந்தது லூயிசையே என்பதும், அப்போற்றுதலின் பின்னே பாலர் ஆசிரியைக்குச் சம்பளம் இரண்டாம் பட்சம் என்னும் எண்ணம் நிழலாடியது என்பதும் இவ்வரலாற்றில் மீண்டும் மீண்டும் காணப்படும்.

ஆலையூரும் குழவிப் பள்ளியும்

ஸ்கொத்லாந்தின் நியூ லனார்க் என்னும் பஞ்சாலையூரில் 1816 ஆம் ஆண்டு சனவரி மாதம் 1 ஆம் திகதி உறொபட் ஓவன் தம் கல்வி நிலையத்தைத் திறந்தார். நடக்கத் தொடங்கிய பிள்ளைகளையும் அது ஏற்றது. அங்கே அடியும் கடுஞ்சொல்லும் விலக்கப்பட்டன; நூலைத் திணிக்காது, விளையாட்டாலும் பொருள்களைக் காட்டுதலாலும் பாடலாலும் ஆடலாலும் சிறார் பயிற்றப்பட்டனர். முதலாசிரியராக ஓவன் தேர்ந்தெடுத்தவர் யேம்சு புக்கனன் என்னும் கைத்தறி நெசவாளர். அவருக்குத் துணையாக மொலி யங் என்னும் பதினேழு வயது ஆலைத் தொழிலாளி அமர்த்தப்பட்டாள். புக்கனன் எழுத்தறிவிற் குறைந்தவர் என்பதை ஓவனே பின்னர் எழுதினார். பிள்ளைகள்பால் அன்பும் எல்லையற்ற பொறுமையுமே அவர் நாடிய தகைமைகள்.

ஓவனின் தெரிவு அக்காலத்திற் புரட்சியாகும். அதட்டி மிரட்டும் கற்றோரைவிட அன்புள்ள நெசவாளர் குழந்தைக்கு நல்லாசிரியர் என்பதை அது உலகிற்குக் காட்டியது. எனினும் அத்தெரிவிலிருந்து பிறர் வேறொரு முடிவையும் பெற்றனர். அன்பும் பொறுமையும் போதுமெனின், பயிற்சி எதற்கு? பயிற்சி வேண்டாவெனின், பயிற்சிக்கேற்ற ஊதியம் எதற்கு? ஓவன் கருதாத இம்முடிவே பின்வந்த நூறாண்டுகளாக ஆட்சிபுரிந்தது.

அன்பு மட்டும் போதாது என்பதற்கு அக்காலத்துச் சான்றே உண்டு. 1820 இல் இலண்டனில் ஸ்பிற்றல்பீல்சுப் பகுதியிற் சாமுவேல் வில்டர்ஸ்பின் என்பார் குழவிப் பள்ளியொன்றைப் பொறுப்பேற்றார். முதல்நாட் காலை தாயர் பிள்ளைகளை விட்டு நீங்கியதும் ஒரு பிள்ளை அழ, அதைக் கண்டு மற்றவையும் ஓலமிட்டன. வில்டர்ஸ்பினும் அவர் மனைவியும் செய்வதறியாது திகைத்தனர். இறுதியில் மனைவியின் தொப்பியை ஒரு கோலின்மேல் மாட்டி அவர் உயர்த்திக் காட்ட, பிள்ளைகள் அழுகை மறந்து அதனையே நோக்கினர். கண்ணுக்குப் புலனாகும் பொருளால் குழந்தையின் கருத்தை ஈர்த்தல் வேண்டும் என்னும் கொள்கையை அவர் அங்கேதான் கற்றதாகக் கூறுவர். அது தாயன்பு தந்த அறிவன்று. தொழிலிற் பிறந்த அறிவு.

வில்டர்ஸ்பின் முறை பரவியபோது படிப்படியாய் உயர்ந்த இருக்கைகள் அமைந்த மண்டபங்கள் எழுந்தன. நூறு, இருநூறு சிறுவர் அவற்றிலமர, ஓர் ஆசிரியரும் அவர் மனைவியுமே அனைவரையும் ஆண்டனர். ஓவனின் ஆடற்கூடம் இவ்வாறு ஒப்புவிக்கும் கூடமாயிற்று. ஆசிரியரின் வேலைச்சுமை பிள்ளையின் கல்வியையே உருமாற்றிவிடும் என்பதற்கு இதனினும் தெளிந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

தாய்மையே தகைமை

இங்கிலாந்திற் குழவிப் பள்ளிகள் பரவிய காலத்தில் ஜேர்மனியிற் பிறெடறிக் புரோபெல் 1840 இல் ‘சிறுவர் பூங்கா’ என்னும் பெயரைப் படைத்தார். பாலர் கல்வியை முறையான பயிற்சியுள்ள பெண்களின் தொழிலாக்கியமை அவர்தம் பெருந்தொண்டுகளுள் ஒன்று. 1849 முதல் லீபன்ஸ்டைன் என்னுமிடத்தில் அவர் இளம்பெண்களுக்குப் பயிற்சியளித்தார். பெண்களுக்கு உரிய தொழில்கள் மிகச் சிலவாய் இருந்த அக்காலத்தில் இது புதுவாயிலைத் திறந்தது. 1851 இற் பிரசிய அரசு அப்பூங்காக்களைத் தடைசெய்தது. புரோபெல் அடுத்த ஆண்டே இறந்தார். தடை 1860 இலேயே நீங்கியது.

புரோபெலின் வழிவந்தோர் ஆசிரியையின் தகைமையை ‘ஆன்மிகத் தாய்மை’ என்னும் தொடராற் குறித்தனர். பெற்றவளல்லாதவளும் பயிற்சியால் தாய்மையை உலகுக்கு வழங்கலாம் என்பது அதன் கருத்து. பெண்களைப் பொதுவாழ்விற் புகுத்திய அதே சொல், தாய்க்குக் கூலி கொடுப்பார் உண்டோ எனக் கேட்கவும் இடமளித்தது. அமெரிக்காவில் செயின்ற் லூயி நகரில் 1873 இல் முதலாவது பொதுப்பள்ளிச் சிறுவர் பூங்காவை நடத்திய சூசன் புளோ செல்வர் மகள். சம்பளமின்றியே அவர் உழைத்தார். அவரிடம் பயில வந்த பெண்கள் பலரும் ஊதியமின்றி உதவியாளராயினர். அந்நாட்டுச் சிறுவர் பூங்கா ஆசிரியைகள் முற்பகலிற் கற்பித்துப் பிற்பகலில் வீடுதோறும் சென்று தாயரைக் கண்டு வந்தனர். பொதுப்பள்ளிகள் அவ்வகுப்புகளை மேற்கொண்டபின், பிற்பகலிலும் வேறொரு வகுப்பைப் பல ஆசிரியைகள் நடத்த நேர்ந்தது. வீட்டைக் காணும் பணி மெல்ல மறைந்தது.

இங்கிலாந்தில் நிலை இன்னும் வெளிப்படையாயிருந்தது. 1862 இன் திருத்திய கல்விச் சட்டத்தொகுதி பெறுபேற்றுக்கேற்ற கொடுப்பனவை வகுத்தது. ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளையைத் தனித்தனி பரிசோதியாது, தலைக்கு 6 சிலிங் 6 பென்சு அளித்தது. 1890 இன் சட்டத்தொகுதியிலே 68 ஆம் பிரிவு ஒருவகைத் துணை ஆசிரியைகளுக்கு இடமளித்தது. பதினெட்டு வயது நிரம்பியிருத்தல், அம்மைப்பால் குத்தப்பட்டிருத்தல், பரிசோதகரின் இசைவு பெறுதல் என்பனவே அவர்க்குரிய தகைமைகள்! கீழ்வகுப்புகள் பல இவர்களிடமே ஒப்படைக்கப்பட்டன.

1905 இல் ஐந்து பெண் பரிசோதகர்கள் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளைப் பற்றித் தந்த அறிக்கைகள் வெளியாயின. நெரிசலான வகுப்பறைகளையும், அசையாதிருக்கும் கட்டுப்பாட்டையும், சிறு கண்களை வருத்தும் ஊசி வேலையையும் அவர்கள் கண்டித்தனர். கண்டனம் முற்றும் நேர்மையானதே. ஆயின் அதற்குத் தலைமைப் பரிசோதகர் எழுதிய முன்னுரையில் வேறொரு கருத்தும் இடம்பெற்றது. கல்லூரிப் பயிற்சி பெற்ற ஓர் ஆசிரியையைவிட, நல்ல தாய்மை உணர்வுள்ள துணை ஆசிரியைகள் இருவர் அறுபது சிறார்க்குப் போதுமானவராகலாம் என்பதே அதன் சாரம். பிள்ளையை விடுவிக்கக் கிளம்பிய சீர்திருத்தம் ஆசிரியையை மலிவாக்கும் வழியையும் உடன் காட்டிற்று. அதன்பின் நிகழ்ந்ததோ இரண்டுமன்று. 1901 அளவில் மூன்று முதல் ஐந்து வயதுக்குட்பட்டோருள் நூற்றுக்கு ஏறக்குறைய 43 பேர் பள்ளியிலிருந்தனர். பின்னைய ஆண்டுகளில் அவ்வயதினரை உள்ளூர் அதிகாரிகள் விலக்கலாமென ஆகவே, அத்தொகை வெகுவாகக் குறைந்தது.

பிரான்சு கண்ட வேறு வழி

இவ்விடத்திற் பிரான்சின் வரலாறு ஒப்புநோக்கத் தக்கது. லூயிசு செப்ளர் சம்பளத்தைத் துறந்த நாட்டிலேயே பாலர் ஆசிரியைக்குச் சட்டத்தில் இடம் கிடைத்தது. 1820களில் அங்கே தோன்றிய ‘புகலிடக் கூடங்கள்’ முதலில் தருமத்தொண்டாகவே நடந்தன. அவற்றின் ஆசிரியைகளுக்குப் பயிற்சி வேண்டுமென மாரி பாப்–கார்பாந்தியே 1840களின் இறுதி முதல் வற்புறுத்திப் பயிற்சியகமும் நடத்தினார். 1881 இல் அக்கூடங்கள் ‘தாய்மைப் பள்ளி’ எனப் புதுப்பெயர் பெற்றன. போலின் கெர்கோமார் என்னும் பெண் பரிசோதகர் அவற்றை விளையாட்டும் கல்வியும் இணைந்த உண்மைப் பள்ளிகளாக்க நெடுங்காலம் பாடுபட்டார். 1886 இன் சட்டம் அவற்றை ஆரம்பக் கல்வியின் உறுப்பாக்கிற்று. 1889 இன் சட்டம் பொதுப்பள்ளி ஆசிரியரின் சம்பளத்தை அரசின் பொறுப்பாக்கியது.

பெயரில் தாய்மை இருந்தும் தொழில் ஆசிரியத் தொழிலாகவே மதிக்கப்பட்டமை இங்குச் சிறப்பு. 1990 முதல் அங்கே தாய்மைப் பள்ளி ஆசிரியரும் ஆரம்பப் பள்ளி ஆசிரியரும் ஒரே சேவையைச் சேர்ந்தவராவர். 2019 முதல் மூன்று வயதிலிருந்தே கல்வி கட்டாயமாயிற்று.

எனினும் அந்நாட்டிலும் வினா முற்றும் தீர்ந்துவிடவில்லை. பிள்ளையின் கைகால் கழுவி, உடைமாற்றி, உறங்கச் செய்யும் வேலை வகுப்பிலுள்ள பணிப்பெண்ணிடம் சென்றது. அவர் ஆசிரிய சேவையைச் சாராத நகரசபை ஊழியர். மூன்று வயதுக்குட்பட்டோர்க்கென 1844 இல் மார்போ என்பார் தொடக்கிய குழந்தைக் காப்பகங்கள் கல்வித்துறைக்கு வெளியே வேறொரு வழியில் வளர்ந்தன. கற்பித்தல் உயர்ந்தது, பேணுதல் தாழ்ந்தே நின்றது. பிள்ளை எவ்வளவுக்கு இளையதோ, அவ்வளவுக்கு அதனைப் பேணுபவரின் மதிப்பும் குறையும் என்னும் விதி சற்றே கீழிறங்கியதன்றி ஒழிந்திலது.

தெப்பட் தோட்டம்

பேணுதலையும் கற்பித்தலையும் பிரித்தலாகாது என மிக உறுதியாக வாதிட்டவர்கள் இலண்டனில் தெப்பட் என்னும் வறியோர் பகுதியில் 1914 இல் திறந்தவெளிப் பாலர் பள்ளி நிறுவிய மக்மிலன் சகோதரிகள். குளிப்பாட்டலும் உணவும் உறக்கமும் தோட்டமும் அங்கே பாடமேயாம். மூத்தவரான றேச்சல் 1917 இல் இறந்தார். இளையவரான மாகிறெற் தம் கொள்கையை விடாது வற்புறுத்தினார். மூளையும் நரம்பும் மிக விரைந்து வளரும் பருவத்தில் பிள்ளையைப் பெறுபவர் பாலர் ஆசிரியை. ஆகவே அவர் பயிற்சி மற்றை ஆசிரியரின் பயிற்சியினும் குறைதலாகாது, மூன்றாண்டு வேண்டும் என்பது அவர் வாதம். ‘பிள்ளை சிறிது, ஆகவே ஆசிரியையும் சிறியவர்’ என்னும் பொது எண்ணத்தை அவர் தலைகீழாக்கினார். 1930 இல் தமக்கையின் பெயரால் பயிற்சிக் கல்லூரியை நிறுவி, அடுத்த ஆண்டில் அவர் மறைந்தார்.

அவர் வாதம் பாதியே வென்றது. பயிற்சி பெற்ற பாலர் ஆசிரியைகள் மற்றை ஆசிரியரோடு சம்பளத் திட்டத்தில் இடம்பெற்றனர். ஆயினும் இங்கிலாந்தில் ஆசிரியையின் சம்பளம் ஆடவர் சம்பளத்தின் ஐந்தில் நான்கு பங்களவாகவே நெடுங்காலம் இருந்தது. மணம் முடித்தாற் பல இடங்களில் வேலையையும் இழந்தார். மணத்தடை 1944 இன் சட்டத்தால் நீங்கியது. சமசம்பளம் 1955 இல் ஏற்கப்பட்டு 1961 இலேயே நிறைவெய்தியது. இரண்டாம் உலகப்போரிற் பெண்கள் தொழிற்சாலைகளுக்குத் தேவைப்பட்டபோது ஏறக்குறைய 1,500 போர்க்காலப் பாலர் நிலையங்கள் நடந்தன. போர் முடிந்ததும் பல மூடப்பட்டன. 1945 இற் பாலர் செவிலியர்க்கெனத் தனிச் சான்றிதழ் ஏற்பட்டது. இவ்வாறு ஆசிரியை ஒருவகை, செவிலி வேறுவகை என்னும் பிரிவு நிலைபெற்றது. மாகிறெற் ஒன்றாகக் கண்டதை நிருவாகம் இரண்டாக்கிற்று.

கீழைநாடுகளின் நிலை

இந்தியாவுக்கு 1939 இல் வந்து அடையாற்றிற் பயிற்சி வகுப்பு நடத்திய மரியா மொண்டிசோரி அம்மையார் 1944 இல் இலங்கைக்கும் வந்து பயிற்சியளித்தார். இந்நாட்டில் அவர் பெயர் ஒரு பொதுப்பெயராகவே வழங்கலாயிற்று. அவர் முறையைப் பின்பற்றினும் பின்பற்றாவிடினும் முன்பள்ளியை ‘மொண்டிசோரி’ என்றே மக்கள் அழைத்தனர். பெயர் பரவிய அளவுக்கு அவர் வற்புறுத்திய பயிற்சி பரவவில்லை.

1945 இல் இலங்கையில் இலவசக் கல்வி ஏற்பட்டபோது பாலர் வகுப்பு முதற் பல்கலைக்கழகம் வரை என்றே அது போற்றப்பட்டது. பள்ளியைச் சேர்ந்த அரிவரி வகுப்பின் ஆசிரியை அரச ஊதியத்திற்கு உரியவரானார். அரிவரிக்கு முந்திய வயதினரைப் பயிற்றுபவரோ அவ்வேலிக்கு வெளியே நின்றார். 1987 இன் அரசியலமைப்புத் திருத்தத்தின்பின் முன்பள்ளிகளின் மேற்பார்வை மாகாண சபைகளைச் சார்ந்தது. 2004 இற் பிள்ளைப் பராயப் பராமரிப்புக்கான தேசியக் கொள்கை வகுக்கப்பட்டது. எனினும் சனசமூக நிலையங்களும் கோயில்களும் தேவாலயங்களும் தனியாரும் நடத்தும் முன்பள்ளிகளில், பெற்றோர் தரும் சிறு பணமும் சிறு கொடுப்பனவுமே ஆசிரியைகள் பலரின் வருவாய். 2009 இற் போர் முடிந்தபின் வன்னியில் சிவில் பாதுகாப்புத் திணைக்களம் முன்பள்ளிகளை நடத்தி, அவற்றின் ஆசிரியைகளுக்கு மாகாண முன்பள்ளிகளின் கொடுப்பனவைவிடப் பன்மடங்கு சம்பளம் வழங்கியது. ஒரே தொழிலைச் செய்யும் இருவருள் ஒருவர் சம்பளம் பெறவும், மற்றவர் கொடுப்பனவு பெறவும் நேர்ந்தது. சம்பளம் பெற்றவரோ கல்வித்துறைக்குப் புறம்பான பாதுகாப்புத் துறையின் ஊழியராக வேண்டியிருந்தது. பாலர் கல்வியைக் கல்வித்துறை தன்னுடையதாக ஏற்காவிடத்து நேரும் விபரீதம் இது.

அண்டை நாடான இந்தியாவில் 1975 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 2 ஆம் திகதி தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடிப் பணியாளர்கள் ‘மதிப்பூதியம்’ பெறும் தொண்டராகவே கொள்ளப்பட்டனர். பிள்ளைக்கு உணவு, எடை நிறுத்தல், முன்பள்ளிக் கல்வி, கணக்கேடுகள் என அவர் பணிகள் பலவாயினும், மதிப்பு என்னும் அடைமொழி ஊதியத்தின் உரிமையைக் குறைத்தது. 2022 இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் அவர்கள் பணிக்கொடைக்கு உரியவர் எனத் தீர்ப்பளித்தது. சாரா பான்சேயின் தந்தை கேட்ட கேள்விக்கு இரண்டரை நூற்றாண்டுகளின் பின் நீதிமன்றமொன்று ஒரு பகுதி விடையளித்தது எனலாம்.

முடிவுரை

இவ்வரலாற்றினின்று மூன்று உண்மைகள் புலப்படும். முதலாவது, பாலர் ஆசிரியைக்குப் புகழ் ஒருபோதும் குறைந்ததில்லை. புகழ் மிக்க இடத்தில் உரிமை தளர்ந்ததுண்டு. இரண்டாவது, நிலைமை திருந்திய இடங்களிலெல்லாம் அது சட்டத்தாலும் சம்பளத் திட்டத்தாலும் திருந்தியதேயன்றி நல்லெண்ணத்தால் மட்டும் திருந்தவில்லை. பிரான்சின் 1886 ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு சான்று. 2002 இல் நியூசிலாந்தில் சிறுவர் பூங்கா ஆசிரியர் ஆரம்பப் பள்ளி ஆசிரியரோடு சமசம்பளம் பெற்றமை மற்றொரு சான்று. மூன்றாவது, கற்பித்தலையும் பேணுதலையும் பிரித்து ஒன்றை மட்டும் உயர்த்தினால், மிகச் சிறிய பிள்ளைகளைப் பேணுபவர் பின்தங்கியே விடுவர்.

1966 இல் யுனெஸ்கோவும் சர்வதேசத் தொழில் தாபனமும் இணைந்து ஏற்ற ஆசிரியர் தகுதிநிலை பற்றிய பரிந்துரை, பாலர் பள்ளி ஆசிரியரையும் ஆசிரியர் என்னும் சொல்லுள் அடக்கியது. 2014 இற் சர்வதேசத் தொழில் தாபனம் முன்பிள்ளைப் பராயக் கல்வி ஊழியர்க்கெனத் தனி வழிகாட்டிகளை வெளியிட்டது. சொல்லளவில் ஏற்கப்பட்டது இன்னும் பல நாடுகளிற் சம்பளப் பட்டியலளவில் ஏறவில்லை.

பாலர் ஆசிரியையின் அன்பு ஐயத்திற்கிடமற்றது. ஆயின் அன்பு நிலைத்திருக்க உடல் நலமும் மன அமைதியும் வேண்டும். அவற்றுக்கு அளவான வகுப்பும் உறுதியான சம்பளமும் முதுமையில் ஓய்வூதியமும் வேண்டும். அவை கிட்டாதவிடத்து ஆசிரியைகள் வேறு தொழில் நாடிச் செல்வர்; முகம் பழகிய ஒருவரைப் பிள்ளை இழந்து, மற்றொருவரிடம் மீண்டும் பழகத் தொடங்கும். ஆசிரியையின் தொழில்நிலை பற்றிய வழக்கு ஆசிரியைக்காக மட்டும் தொடுக்கப்படுவதன்று. தன் வழக்கைத் தானே எடுத்துரைக்க இன்னும் சொல்லறியாத பிள்ளையின் வழக்கும் அதனுள் அடங்கியுள்ளது.